கிளிப் போடுறதுக்கு முன்னாடி சிரிப்பை பாருங்க: நம்ம பக்கம் அதிகமா நடக்குற தப்புங்க

பல்லு வரிசையா வந்துட்டா சிரிப்பு தானா அழகாயிடும்னு நெனச்சுதான் முக்காவாசி பேர் கிளிப் போட வர்றாங்க. நான் காட்பாடி பக்கம் ஒரு பல் கிளினிக்ல அசிஸ்டென்டா வேலை பாக்குறேன், தினம் பாக்குறதை வச்சு சொல்றேன். வரிசை முக்கியம்தான், ஆனா சிரிக்கும்போது மேல் பல்லு எவ்ளோ தெரியுது, ஈறு எவ்ளோ தெரியுது, மேல் முன்பல்லு நுனியெல்லாம் கீழ் உதட்டோட வளைவை ஒட்டியே போகுதா, ரெண்டு ஓரத்துலயும் இருட்டா இடம் விழுதா, இதெல்லாம் சேர்ந்துதான் அழகு. அதனால டாக்டர் போட்டோ எடுக்கும்போது ஆதார் போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி வாயை இறுக்கி மூடிக்காதீங்க, வெக்கப்படாம நல்லா சிரிங்க, அதை பாத்துதான் பிளானே போடுவாங்க.

சிரிச்சா ஈறு தெரியுது, அது துளி கூட தெரியக்கூடாதுன்னு சின்னப் பொண்ணுங்களுக்கு கேக்குறாங்க, அது வேணாம். ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தெரிஞ்சா அது இளமை. வயசாக ஆக மேல் உதடு இறங்கி மேல் பல்லு தெரியறது தானா குறையும், இப்பவே பல்லை ரொம்ப மேல ஏத்திட்டா வயசானப்புறம் சிரிச்சா மேல் பல்லு ரொம்ப கம்மியாதான் தெரியும். மேல் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நடுக்கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்குன்னு கண்ணாடி முன்னாடி நின்னுகினு கவலைப்படவும் வேணாம், எதிர்ல இருக்குறவங்க கண்ணுக்கு அது படாது.

அடுத்தது தெத்துப்பல். "இன்னா டாக்டர், இது ஒண்ணுதான் துருத்திகினு நிக்குது, புடுங்கிடுங்களேன்"னு அம்மாங்க ரொம்ப சாதாரணமா கேப்பாங்க. அது கோரைப்பல்லுங்க, பந்தலுக்கு மூலைக்கால் மாதிரி, வேரும் மத்த பல்லை விட நீளம், அதை எடுத்தா உதட்டோட ஓரம் தாங்கல் இல்லாம போயிடும். இடம் பத்தலைன்னா பெரும்பாலும் அதுக்குப் பின்னாடி இருக்குற சின்னக் கடவாப்பல்லைத்தான் எடுப்பாங்க, அந்த இடத்துல கோரைப்பல்லை இறக்கி கொண்டாருவாங்க. மேல் பல்லு எடுத்தா கண்ணு பார்வை போயிடும்னு பாட்டி சொல்றதை கேட்டு பாதியிலயே விட்டுட்டு போறவங்களும் இருக்காங்க, கண் பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தமே கிடையாது.

நிச்சயதார்த்தம் முடிஞ்சதும் ஓடி வர்றதுதான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டம். கிளிப்புக்கு சாதாரணமா ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகும், கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்குன்னா நல்லா இருக்குற முன்பல்லுங்களை சீவி மேல உறை மாதிரி கேப் போட்டுக்குறாங்க, சீவின எனாமல், அதாவது பல்லோட கெட்டியான மேல் பூச்சு, திரும்ப வளராது, அந்த கேப்பையும் ஆயுசு பூரா மாத்திகினே இருக்கணும். பொண்ணுக்கோ பையனுக்கோ பல்லு கோணலா இருந்தா ஏழு வயசுலயே ஒரு தடவை ஆர்த்தோ படிச்ச டாக்டர்கிட்ட, அதாவது பிடிஎஸ் முடிச்சு மேல மூணு வருஷம் எம்டிஎஸ் ஆர்த்தோடான்டிக்ஸ் (பல் வரிசை சரி பண்ற படிப்பு) பண்ணவங்ககிட்ட காட்டிடுங்க. தாடை வளர்ற வயசுல சரி பண்ற விஷயம் சிலது இருக்கு, வளர்ந்தப்புறம் அதுக்கே ஆபரேஷன் தேவைப்படலாம்.

முன்பல்லு சந்துக்கு வீட்டுலயே ரப்பர் பேண்டு மாட்டுற வீடியோ சுத்துது, தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க. பல்லு வேர் மேல போகப் போக கூம்பிகினு போகும், ரப்பர் அப்படியே வழுக்கி ஈறுக்குள்ள போயிடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள எலும்பு கரைஞ்சு கடைசில ரெண்டு நல்ல பல்லும் ஆடி விழுந்துடும்.

கிளிப் போட்டப்புறம் ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாம், எலும்பை மட்டும் கடிக்காதீங்க. ஆற்காடு மக்கன் பேடா சாப்பிட்டா உடனே வாய் கொப்புளிச்சு, ராத்திரி கம்பிக்கு அடியில குட்டி பிரஷ் விட்டு தேய்ங்க. தேய்க்காதவங்களுக்கு கிளிப்பை கழட்டுற அன்னிக்கு பாத்தா பல்லு நேரா இருக்கும், ஆனா ஒவ்வொரு பல்லுலயும் பிராக்கெட், அதாவது கம்பியை புடிக்க பல்லுல ஒட்டுற குட்டித் துண்டு, இருந்த இடத்தை சுத்தி சுண்ணாம்பு வெள்ளையா கறை இருக்கும், அது முழுசா போறது கஷ்டம்.

கிளிப்பை கழட்டினதும் முடிஞ்சுதுன்னு நெனச்சு ரிட்டெய்னர், அதாவது பல்லு நகராம புடிச்சு வைக்க மாட்டிக்குற உறை, போடாம விடுறதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்பு, பல்லு பழைய இடத்துக்கே நகர ஆரம்பிச்சிடும். ரிட்டெய்னரை சுடுதண்ணில கழுவாதீங்க, வேலூர் வெயில்ல பைக் பெட்டிக்குள்ள விட்டுட்டு போகாதீங்க, வளைஞ்சிடும். ஓட்டல்ல டிஷ்யூல சுத்தி வச்சு குப்பையோட போயிடுச்சுன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம மறுநாளே போய் புதுசுக்கு அளவு குடுத்துடுங்க.