லேவியராகமத்திலிருந்து சிலுவைக்கு: இரத்தம் போகும் வழியைப் பார்த்து வாசிப்பது எப்படி

பாவமன்னிப்புக்குப் பலி எதற்கு என்று கேட்டால், பலரும் 'இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது' என்ற எபிரெயர் 9:22-ஐச் சொல்லிவிட்டு நேரே சிலுவைக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் லேவியராகமம், அதாவது பலிகளின் முறைகளைச் சொல்லும் பழைய ஏற்பாட்டுப் புத்தகம், விடுபடுகிறது. கடைசியில் மிஞ்சுவது, கோபத்திலிருக்கும் கடவுளை இரத்தம் காட்டித் தணிக்கிற படம். லேவியராகமம் காட்டுவது வேறு. நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு தாளில் நான்கு பத்திகள் வரையுங்கள்: யார் கொண்டுவருகிறார், எந்த விலங்கு, இரத்தம் எங்கே பூசப்படுகிறது, உடல் எங்கே போகிறது. முதல் நாள் லேவியராகமம் 4 மட்டும். பிரதான ஆசாரியன் பாவம் செய்தால் காளை. இரத்தம் ஆசரிப்புக் கூடாரத்துக்கு உள்ளே, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு எதிரே ஏழுதரம் தெளிக்கப்படும், அங்கேயே இருக்கும் தூபபீடத்தின் கொம்புகளில் பூசப்படும். உடல் பாளயத்துக்குப் புறம்பே எரிக்கப்படும். சபை முழுவதும் பாவம் செய்தாலும் அப்படியே. தலைவனுக்கு வெள்ளாட்டுக்கடா, சாதாரண ஜனத்துக்குப் பெண்ணாடு. அந்த இரத்தம் வெளியே இருக்கும் தகனபலிபீடத்தோடு நின்றுவிடும். பொறுப்பு பெரிதானால் இரத்தம் உள்ளே போகும் தூரமும் கூடுகிறது. பாவத்தின் கறை எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் துடைக்க வேண்டியிருக்கிறது என்று வாசித்தால்தான் இந்த வரிசை பொருள்படும்.

அதே தாளின் ஓரத்தில், பாவநிவிர்த்திக்காக இரத்தம் பலிபீடத்துக்கு வருவதைப் பற்றிய லேவியராகமம் 17:11-ஐ எழுதிவையுங்கள். எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது 'கொடுத்தேன்' என்ற வினை. இரத்தத்தை மனிதனுக்குக் கொடுப்பவரே கடவுள்தான். 5:11-ஐயும் விடாதீர்கள்: பறவை வாங்கக்கூட வழியில்லாத ஏழை எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய 2 லிட்டர், கொண்டுவந்தால் அவனுக்கும் மன்னிப்பு உண்டு. எபிரெயர் 9:22-இல் 'எல்லாம்' என்று மட்டும் சொல்லாமல் 'கொஞ்சங்குறைய எல்லாம்' இரத்தத்தால் சுத்திகரிக்கப்படும் என்று எழுதியவருக்கு இது தெரிந்தே இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் லேவியராகமம் 16-ஆம் அதிகாரம், வருடத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவிர்த்தி நாள். பிழை அதிகம் நடப்பது இங்கேதான், நிதானமாகப் போங்கள். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டு போடப்படுகிறது. கர்த்தருக்கென்று விழுந்தது கொல்லப்படுகிறது. அதன் இரத்தம் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேலும் அதற்கு முன்பாகவும் தெளிக்கப்பட்டுப் பரிசுத்த ஸ்தலம் சுத்தமாகிறது. பிரதான ஆசாரியனான ஆரோன் இரண்டு கைகளையும் வைத்துப் பாவங்களை அறிக்கையிடுவது மற்றதன் தலையில், அதாவது போக்காட்டின்மேல். அது உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. ஆக, பாவம் சுமத்தப்பட்ட ஆடு வெட்டப்பட்டது என்று பிரசங்கத்தில் கேட்டால், இரண்டு ஆடுகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்று பொருள். துடைப்பது ஒன்று, சுமந்து அகற்றுவது ஒன்று. சிலுவையில் இரண்டும் ஒருவரிலேயே நடக்கிறது என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம்.

மூன்றாம் நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எபிரெயர் 9, 10, 13-ஐ வாசித்து, அதே நான்கு பத்திகளை இயேசுவுக்கு நிரப்புங்கள். கொண்டுவருகிறவரும் அவரே, பலியும் அவரே. இரத்தம் போவது பரலோகத்துக்குள். உடலின் பத்தி காலியாக இருந்தால் 13:11-12-ஐப் பாருங்கள்: நகர வாசலுக்குப் புறம்பே. 10:11-இல் ஆசாரியன் நாள்தோறும் நிற்கிறான். அடுத்த வசனத்தில் இயேசு உட்கார்ந்துவிடுகிறார். வேலை முடிந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான அடையாளம் கிடையாது. ரோமர் 3:25-இன் 'கிருபாதாரபலி'யும் எபிரெயர் 9:5-இன் 'கிருபாசனம்' என்பதும் கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இந்த இணைப்பு தெரியாது, குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் லேவியராகமம் 6:1-7, மத்தேயு 5:23-24. சிறிய பகுதிதான், ஆனால் 'இயேசு எல்லாம் தீர்த்துவிட்டார், நான் யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை' என்ற எண்ணம் உடைவது இங்கேதான். பிறனை ஏமாற்றி 1,000 எடுத்தவன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி 1,200 ஆக உரியவனிடம் கொடுத்துவிட்டு, அதன்பிறகே ஆட்டுக்கடாவோடு ஆசாரியனிடம் வர வேண்டும். இயேசுவும் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறார். தாளின் பின்பக்கத்தில் யாரிடம் போக வேண்டும், எதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள்.