என்.டி. படத்தை யாரிடமாவது திருத்தக் கொடுங்கள்

கருவின் பிடரித் தோலுக்கடியில் உள்ள திரவ இடைவெளியை அளக்கும் என்.டி. ஸ்கேன் பார்க்கத் தொடங்கி மூன்று வருடம் கழித்துத்தான் என் படங்களை ஒரு மூத்த சோனாலஜிஸ்டிடம் காட்டினேன். நானே பொறுக்கி எடுத்த ஐந்து படங்கள். பார்த்துவிட்டு, "இது நீ எடுத்ததிலேயே நல்ல ஐந்தா, நேற்று எடுத்த ஐந்தா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த தடவை நேற்று எடுத்ததைக் கொண்டு வாம்மா" என்றார்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு நாளில் வரிசையாக வந்த ஐந்து கர்ப்பிணிகளின் படங்களை, சரியாக விழாததையும் சேர்த்து, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மானிட்டரை போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், விளிம்புகள் மங்கிவிடும். மெஷினிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள், கூடவே சில நொடி வீடியோ கிளிப்பும். வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோபை நீங்கள் எப்படி நகர்த்தினீர்கள் என்பது கிளிப்பில்தான் தெரியும்.

அனுப்பும் முன் உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போட்டுவிடுங்கள். என்.டி.க்கு ஹெர்மன் குழுவினர் 1998-ல் தந்த 9 மதிப்பெண் முறை போதும். நடுக்கோட்டு வெட்டு, காலிப்பர் (திரையில் அளவெடுக்கும் குறி) வைத்த இடம், தோல் கோடு மூன்றுக்கும் தலா 2. படத்தின் அளவு, பனிக்குட உறை தனியாகத் தெரிவது, தலையின் நிலை இவற்றுக்குத் தலா 1. ஒரு படத்துக்கு நான் 8 போட்டிருந்தேன், அவர் 5 போட்டார். நடுக்கோட்டில் இல்லை என்று 2 போயிற்று, படம் சிறியது என்று 1.

அந்த 2 எனக்கு வலித்தது. நடுக்கோடு என்றால் முன்னால் மூக்கின் நுனியும் செவ்வகமான அண்ணமும், நடுவில் கறுப்பாக டயன்செஃபலானும் (மூளையின் நடுப்பகுதி), பின்னால் பிடரிச் சவ்வும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். எனக்கோ மூக்கு நுனி இல்லை, கன்ன எலும்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அதைச் சரியென்று நினைத்திருக்கிறேன்! தலையும் மார்பின் மேற்பகுதியும் மட்டும் திரையை நிரப்பும்வரை பெரிதாக்கு, காலிப்பரைச் சற்றே நகர்த்தினால் 0.1 மி.மீ. மட்டும் மாற வேண்டும், பெரிதாக்கியதும் கெய்னை (படத்தின் வெளிச்சத்தை) குறை என்றார். கெய்ன் அதிகமாக இருந்தால் கோட்டின் விளிம்பு பொங்கி நிற்கும். காலிப்பர் அந்தப் பொங்கலில் உட்கார்ந்தால் அளவு குறைவாக வரும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் பார்க்காதீர்கள். நான் முதல் இரண்டு வாரம் மூக்கு நுனியை மட்டும் தேடினேன். அப்புறம்தான் கெய்ன்.

திருத்துபவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "காலிப்பர் கோட்டின் மேலேயே இருக்கிறதா?" என்று கேளுங்கள். இன்னொன்று, உங்கள் அளவுகளை மொத்தமாகப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் நீளத்துக்கு (தலை உச்சி முதல் பிட்டம் வரை) உரிய இடைநிலை அளவுக்கு மேலே ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். பெரும்பாலானவை கீழேயே கிடந்தால் உங்கள் கை எப்போதும் குறைத்தே அளக்கிறது என்று அர்த்தம். என்.டி. அளப்பவர்களுக்குச் சான்றிதழ் தரும் லண்டனிலுள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன், சான்றிதழுக்குப் பிறகும் தணிக்கை கேட்பது இதற்காகத்தான்.

பெயர், ஐ.டி. எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். பாலினம் தெரியக்கூடிய படமோ கிளிப்போ வெளியே போகவே கூடாது. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்யும் 1994-ம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் நமக்குத் தெரிந்ததுதான்.

பதிலை அந்த வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். குழந்தையின் நீளம் 84 மி.மீ. தாண்டிவிட்டால் என்.டி. அளக்க முடியாது. படம் தேறவில்லை என்று அவர் சொன்னால் அந்தத் தாயை நீங்களே போனில் கூப்பிடுங்கள், வரவேற்பில் இருப்பவரிடம் விடாதீர்கள். நான் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன்: "பயப்படாதீங்கம்மா, குழந்தையில எந்தக் குறையும் பார்க்கலை. நான் எடுத்த படம்தான் சரியா விழலை, பணம் எதுவும் வேண்டாம், நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போங்க."