டிவி கலர் செட்டிங்: கறுப்பு சரியாகும் வரை கலரைத் தொடாதீர்கள்

அக்கா எடுத்த பழைய வீடியோ ஒன்றை டிவியில் போட்டபோதுதான் இந்த வேலையே ஆரம்பித்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாருகிறார். போனில் பார்த்தால் முடி இழை இழையாகத் தெரிகிறது. டிவியில் தோளில் கறுப்புத் துணி போட்டதுபோல ஒரே திட்டு. முகமோ செங்கல் நிறம். முகத்தைச் சரிசெய்ய கலரைக் குறைத்தேன், நிறத்தைப் பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ சாய்க்கும் டின்டை நகர்த்தினேன், ஒரு வாரம் போனது. கோளாறு கலரில் இல்லவே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் இங்கே கலருக்குக் கடைசி இடம். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

ஆரம்பிக்கும் முன்

டிவியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வழக்கமாகப் படம் பார்க்கும் நேரத்தில், அந்த வெளிச்சத்திலேயே உட்காருங்கள். மின்சாரம் சேமிப்பது, அறை வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தை மாற்றுவது, டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று மெனுவில் இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம் திருத்த, டிவி தானாக இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

சோதனைப் படங்கள் வேண்டும். ஏவிஎஸ் எச்டி 709 என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எம்பி4 வடிவத்தை எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பிடித்த படத்தை ஓடவிட்டுக் கண்ணளவில் சரிசெய்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் காட்சி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். சோதனைப் படத்தில் அந்தக் குழப்பமே இல்லை.

முதல் படி: பிக்சர் மோட்

விவிட், டைனமிக், ஸ்டாண்டர்ட் மூன்றையும் விட்டுவிடுங்கள். சினிமா அல்லது மூவி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் இன்னும் நல்லது. டிவி, சினிமா நிறுவனங்களின் கூட்டமைப்பான யுஎச்டி அலையன்ஸ் 2019-இல் அறிவித்த இந்த மோட், அசைவை வழவழப்பாக்குவது, விளிம்பைக் கூர்மையாக்குவது போன்ற வேலைகளைத் தானே நிறுத்திவிடும். பாதி வேலை இந்த ஒரு பட்டனிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாம் படி: கலர் டெம்பரேச்சர்

வெள்ளை நீலப் பக்கம் சாய்வதா மஞ்சள் பக்கம் சாய்வதா என்பதை முடிவு செய்வது இது. சாம்சங்கில் வார்ம் 2, புதிய எல்ஜி டிவிகளில் வார்ம் 50, சோனியில் எக்ஸ்பர்ட் 1 என்று வையுங்கள். படங்களுக்கு நிறம் சேர்ப்பவர்கள் பயன்படுத்தும் வெள்ளை டி65 எனப்படும், ஏறக்குறைய 6500 கெல்வின். அதற்கு மிக அருகில் வருவது இந்தத் தேர்வுகள்தான். முதல் நாள் படம் மஞ்சள் பூத்ததுபோல இருக்கும். நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகிய கண் அது. மூன்று நான்கு நாள் அப்படியே விட்டுவைத்து, பிறகு பழைய மோடுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளைச் சட்டைக்கு அளவுக்கு மீறி நீலம் போட்டதுபோல இருக்கும்.

மூன்றாம் படி: கறுப்பு

நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டிருந்தது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிரைட்னஸ் என்ற பெயரே ஆளைக் குழப்பும். பெரும்பாலான டிவிகளில் அது படத்தின் வெளிச்சத்தை மாற்றுவதில்லை. கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. வெளிச்சத்துக்கு பேக்லைட் அல்லது ஓஎல்இடி லைட் என்று தனியாக ஒன்று இருக்கும், அறைக்கு ஏற்ப அதை வைத்துக்கொள்ளுங்கள். புதிய சோனி டிவிகளில் இது தலைகீழ்: அங்கே பிரைட்னஸ்தான் வெளிச்சம், கறுப்புக்கு பிளாக் லெவல்.

வீடியோவில் கறுப்பு 0-வில் தொடங்காது. 0 முதல் 255 வரை எண்ணும் 8 பிட் அளவில் 16 கறுப்பு, 235 வெள்ளை. சோதனைப் படத்தில் இந்த எண்கள் போட்ட செங்குத்துப் பட்டைகள் மின்னிக்கொண்டிருக்கும். 16-உம் அதற்குக் கீழும் உள்ளவை தெரியக் கூடாது. 17 முதல் உள்ளவை மிக மிக மங்கலாகத் தெரிய வேண்டும். அந்த நிலை வரும்வரை பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள். 17, 18 பிடிபடவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். 20 தெரிந்தாலே போதும்.

சோதனைப் படத்தை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த பிளேயர் வழியாகப் போட்டபோது, என் டிவியில் கிட்டத்தட்ட 29 வரை ஒன்றுமே தெரியவில்லை. பிரைட்னஸை ஏற்றினேன், பட்டைகள் வந்தன, ஆனால் மேகங்கள் வெள்ளைத் திட்டாகிவிட்டன. வெள்ளையின் அளவைத் தீர்மானிக்கும் கான்ட்ராஸ்டைக் குறைத்தேன், படமே சோர்ந்துபோனது. அப்புறம் அதே கோப்பைப் பென்டிரைவில் போட்டு நேரடியாக டிவியில் செருகினேன். எல்லாப் பட்டைகளும் ஒழுங்காக நின்றன! அப்போதுதான் பிளேயர் மேல் சந்தேகம் வந்தது.

நடந்தது இதுதான். பிளேயர் 0 முதல் 255 வரை விரித்து அனுப்பியது. டிவியோ வருவது 16 முதல் 235 வரைதான் என்று நினைத்து, அதை இன்னொரு முறை விரித்தது. 16-க்குக் கீழே வந்ததெல்லாம் கறுப்பில் மூழ்கியது, 235-க்கு மேலே வந்ததெல்லாம் வெள்ளையில் கரைந்தது. இரண்டு முறை விரித்ததில் நிறங்களும் அடர்ந்துவிட்டன. அம்மாவின் முகம் செங்கல் நிறமானது அதனால்தான். இதை டிவியில் எந்தக் கலர் செட்டிங்கை வைத்தும் சரிக்கட்ட முடியாது.

பிளேயரின் டிஸ்ப்ளே மெனுவில் ஆர்ஜிபி ரேஞ்ச் அல்லது எச்டிஎம்ஐ ரேஞ்ச் என்று இருக்கும், அதை லிமிடெட் (16 முதல் 235 வரை) ஆக்குங்கள். டிவியிலும் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் அல்லது வீடியோ ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும். ஆட்டோ சில நேரம் ஏமாற்றும், ஆகவே கிடைக்கிற தேர்வுகளை ஒவ்வொன்றாக மாற்றி, பட்டைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கறுப்பு முழுக்கச் சாம்பலாக வெளுத்திருந்தால் இதே சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

இதை மாற்றிய பிறகு அந்த வீடியோவை மறுபடி போட்டேன். சீப்பின் பற்களுக்கு நடுவே முடி பிரிந்து போவது தெரிந்தது. காதோரம் இரண்டு நரை. டிவியில் அதுவரை நான் பார்த்தே இராதவை.

நான்காம் படி: வெள்ளையும் ஷார்ப்னஸும்

கான்ட்ராஸ்டுக்கும் பட்டைகள் உண்டு. 234 வரை தனித்தனியாகத் தெரிந்தால் சரி. பெரும்பாலும் கம்பெனி வைத்த அளவே போதும்.

ஷார்ப்னஸைப் பெரும்பாலான டிவிகளில் 0 பக்கம் கொண்டுபோங்கள். கூட்டினால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும், அது படத்தில் இருப்பதல்ல, டிவி வரைவது. சோனியில் மட்டும் 50தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மங்கும்.

ஐந்தாம் படி: கலர், டின்ட்

இப்போதுதான் கலர். கலர் பட்டைகளைத் திரையில் வைத்து, நீலக் கண்ணாடித்தாள் வழியாகப் பாருங்கள். நீலப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் ஒரே பிரகாசத்தில் தெரியும்வரை கலரையும், சியானும் மெஜென்டாவும் ஒன்றாகத் தெரியும்வரை டின்டையும் நகர்த்துங்கள். தாளை விட, சில டிவிகளில் இருக்கும் நீலம் மட்டும் காட்டும் வசதியையே நான் நம்புவேன். தாளில் கொஞ்சம் பச்சை கசிந்தாலும் கணக்குத் தப்பும். சினிமா மோடில் இவை இரண்டும் அநேகமாகச் சரியாகவே இருக்கும், பார்த்து உறுதி செய்தால் போதும்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள சாயல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் காமாவை இருட்டறையில் 2.4 அல்லது பிடி 1886, வெளிச்சமான அறையில் 2.2 என்று வையுங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துச் செய்த சிலர், மறுநாளே செட்டிங் போய்விட்டது என்றார்கள். போகவில்லை. பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ வழிக்கும் தனி செட்டிங் வைத்துக்கொள்கின்றன. எல்லா இன்புட்டுக்கும் பயன்படுத்து என்று மெனுவில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொன்றாகச் செய்துவிடுங்கள்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் வீடியோவுக்கும் தனி செட்டிங்தான். எச்டிஆர் வீடியோ ஓடும்போது மட்டுமே அந்த மெனு கைக்கு வரும். அங்கே வார்ம், ஷார்ப்னஸ் இரண்டையும் மட்டும் மாற்றுங்கள். பேக்லைட் உச்சத்தில் இருப்பதைப் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள், எச்டிஆருக்கு அது தேவை.

வெள்ளையில் சிவப்பு, பச்சை, நீலம் கலக்கும் அளவைத் திருத்துவது ஒயிட் பேலன்ஸ். ஒருவர் இணையத்தில் யாரோ கொடுத்த ஒயிட் பேலன்ஸ் எண்களை அப்படியே போட்டிருந்தார். வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல், அதாவது திரைக்குத் திரை, வித்தியாசம் உண்டு. அந்த எண்கள் கொடுத்தவருடைய பேனலை அளந்து எடுத்தவை. அந்தப் பகுதியைத் திருத்த வேண்டுமென்றால் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவியும் எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளும் தேவை. அவை கையில் இல்லாதவரை ஒயிட் பேலன்ஸ் மெனுவில் ரீசெட் அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.