கிராஃப்டிபி ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுமான விதிகளை மாற்றுவது எப்படி?

ஒரு நூலகப் பட்டியலை கிராஃப்டிபியில் ஏற்றி வைத்திருக்கிறேன். தரவை எழுவாய், உறவு (பயனிலை), செயப்படுபொருள் என்ற மூன்று பகுதிக் கூற்றுகளாகச் சேமிக்கும் தரவுத்தளம் அது. அதில் ஓர் அனுமான விதி, அதாவது உள்ள கூற்றுகளிலிருந்து புதிய கூற்றுகளைத் தானாக உருவாக்கும் விதி, இருந்தது. ஒரு நூல் இன்னொன்றின் மொழிபெயர்ப்பு என்றால், மூல நூலின் ஆசிரியரே அதற்கும் ஆசிரியர். இதனால் மொழிபெயர்ப்புகளும் சொந்தப் படைப்புகளும் ஒரே உறவில் கலந்துவிட்டன. 'மூல ஆசிரியர்' என்று தனி உறவாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சர்வரை நிறுத்தாமலும் தரவை மறுபடி ஏற்றாமலும் அதைச் செய்த வழி இது. அதன் கேள்விமொழியான ஸ்பார்க்கிளில் செலக்ட், இன்செர்ட் எழுதத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவோசோ போன்ற சர்வர்கள் பெரும்பாலும் கேள்வி கேட்கும் நேரத்தில்தான் அனுமானிக்கின்றன. கிராஃப்டிபி அப்படி அல்ல. தரவு உள்ளே வரும்போதே விதிகளை ஓட்டி, கிடைக்கும் முடிவுகளையும் எழுதிச் சேமித்துவிடுகிறது. அதனால் விதியை மாற்றுவது ஒரு வேலை, ஏற்கெனவே எழுதிவைத்த முடிவுகளை மாற்றுவது இன்னொரு வேலை.

முதலில், இப்போது எந்த விதித்தொகுப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். லிஸ்ட்ரூல்செட்ஸ் என்ற உறவை வைத்து ஒரு செலக்ட் போதும். இங்கே வரும் இத்தகைய உறவுகள் எல்லாமே, கிராஃப்டிபியை உருவாக்கிய ஆன்டோடெக்ஸ்டின் சிஸ்டம் பெயர்வெளியில் (உறவுப் பெயருக்கு முன்னால் வரும் பொது முகவரி) இருக்கின்றன. அந்த முகவரிக்குள் 'ஔலிம்' என்று வரும். கிராஃப்டிபியின் பழைய பெயர் அது, அப்படியே விட்டுவிடுங்கள். உறவுப் பெயர்களில் முதல் சொல் சின்ன எழுத்தில் தொடங்கும், அடுத்த சொல் பெரிய எழுத்தில், நடுவில் இடைவெளி கிடையாது.

அப்புறம் பை கோப்பு, அதாவது விதித்தொகுப்பை எழுதும் கோப்பு. வெறும் கோப்பில் உங்கள் விதியை மட்டும் எழுதாதீர்கள். புதிய தொகுப்பு பழையதன் இடத்தைப் பிடிக்கும், அதோடு சேராது. துணைவகுப்பு அனுமானம் போன்றவை தொடர வேண்டுமென்றால் அந்த விதிகளும் உங்கள் கோப்பில் இருந்தாக வேண்டும். கிராஃப்டிபியோடு வரும் பை கோப்புகளில் உங்களுக்கு நெருக்கமானதை நகலெடுத்து, கடைசியில் உங்கள் விதியைச் சேர்ப்பதே நல்லது.

கோப்பில் மூன்று பகுதிகள்: முன்னொட்டுகள், அடிப்படை உண்மைகள், விதிகள். முன்னொட்டுப் பகுதியின் தலைப்பு பி, ஆர், இ, எஃப், ஐ, சி, இ, எஸ். எக்ஸ் கிடையாது, திருத்திவிடாதீர்கள். விதிக்குள் மாறிகளுக்கு முன்னால் கேள்விக்குறி வராது, வரி முடிவில் புள்ளியும் வராது. நிபந்தனைகள் மேலே, முடிவு கீழே, நடுவில் தொடர்ச்சியாகச் சிறு கோடுகள்.

எனக்கு இரண்டு விதிகள் தேவைப்பட்டன. ஒன்று: க என்பது ங-வின் மொழிபெயர்ப்பு, ங-வின் ஆசிரியர் ச என்றால், க-வின் மூல ஆசிரியர் ச. இது மட்டும் போதாது. ருஷ்ய நாவல்கள் பல ஆங்கிலம் வழியாகத்தான் தமிழுக்கு வந்தன. அங்கே ங-வே ஒரு மொழிபெயர்ப்பு, அதற்கு 'ஆசிரியர்' இருக்காது, 'மூல ஆசிரியர்' மட்டுமே இருக்கும். எனவே இரண்டாவது விதி: ங-வின் மூல ஆசிரியர் ச என்றால் க-வுக்கும் அவரே. பழைய விதியில் நிபந்தனையிலும் முடிவிலும் ஒரே உறவு இருந்ததால் சங்கிலி தானாக நீண்டது. உறவைப் பிரித்ததும் சங்கிலியையும் நாமே எழுத வேண்டியதாகிறது.

சரி, ஏற்றுவோம். இன்செர்ட் டேட்டாவில் எழுவாய் இடத்தில் புதிய தொகுப்பின் பெயர் (கோண அடைப்புக்குள், முன்னால் அடிக்கோடும் முக்காற்புள்ளியும்), பயனிலை இடத்தில் ஆட்ரூல்செட், கடைசியில் கோப்பின் முகவரி. பெயரில் தேதியைச் சேர்த்துவிடுங்கள். பழைய தொகுப்பு உள்ளேயே இருந்தால் திரும்பிப் போவது சுலபம். ஏற்றியதும் எக்ஸ்ப்ளோர்ரூல்செட் மூலம் உள்ளடக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பிறகு டிஃபால்ட்ரூல்செட் உறவால் புதிய பெயரை நடப்புத் தொகுப்பாக்குங்கள்.

பலரும் வேலை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான். இந்த நொடியிலிருந்து வரும் புதிய தரவுக்குப் புதிய விதி ஓடும். ஏற்கெனவே உள்ள நூல்களில் எதுவும் மாறியிருக்காது. பழைய விதி எழுதிய 'ஆசிரியர்' முடிவுகள் அப்படியே நிற்கும். அவற்றை டெலீட் டேட்டா கொடுத்து அழிக்கவும் முடியாது, ஏனென்றால் அனுமானத்தில் பிறந்த கூற்றுகளை நேரடியாக நீக்க கிராஃப்டிபி விடாது. மூலத் தரவை நீக்கினாலும் சிக்கல்தான். நீக்கும்போது எதையெல்லாம் சேர்த்து நீக்குவது என்பதை நடப்பு விதிகளை ஓட்டித்தான் அது கண்டுபிடிக்கிறது. பழைய விதி இப்போது நடப்பில் இல்லாததால், அதன் முடிவு ஆதாரமே இல்லாமல் பட்டியலில் தங்கிவிடும்.

இதற்கு மருந்து ரீஇன்ஃபர். எழுவாய், செயப்படுபொருள் இரண்டும் வெற்றுச் சதுர அடைப்புகள், நடுவில் ரீஇன்ஃபர் உறவு, அவ்வளவுதான் கட்டளை. அனுமானங்களைப் புதிய விதிகளின்படி முழுக்க மறுபடி கணக்கிடும். தரவின் அளவைப் பொறுத்து நேரம் எடுக்கும் என்பதால், காப்புப் பிரதி எடுத்துவிட்டு ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் ஓட்டுங்கள். டிஃபால்ட்டை மாற்றுவதையும் ரீஇன்ஃபரையும் அடுத்தடுத்துச் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையில் நாட்கள் போனால், பாதி பழைய விதி, பாதி புதிய விதி என்று பட்டியல் குழம்பிப் போகும்.

சரிபார்க்க, ஆன்டோடெக்ஸ்டின் இம்ப்ளிசிட் என்ற போலி வரைபடத்தை ஃப்ரம் பகுதியில் கொடுத்து, 'ஆசிரியர்' கூற்றுகளை எண்ணுங்கள். அந்த வரைபடம் அனுமானங்களை மட்டுமே காட்டும். அங்கே விடை 0 ஆக வேண்டும், 'மூல ஆசிரியர்' எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். திருப்தியானதும் பழைய தொகுப்பை ரிமூவ்ரூல்செட் கொண்டு எடுத்துவிடலாம்.

கருவிகளைப் பற்றி என் கருத்து: பார்ப்பதற்கு ஒர்க்பெஞ்ச் (உலாவியில் திறக்கும் கிராஃப்டிபியின் பக்கம்), மாற்றுவதற்கு கர்ல் (கட்டளை வரிக் கருவி). பை கோப்பையும் கட்டளைகளையும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்தால், எந்த விதி எப்போது மாறியது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஜெனா ஃபுசெகி என்ற இன்னொரு ஸ்பார்க்கிள் சர்வரும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அங்கே விதிகள் பொதுவாக அமைவுக் கோப்பு வழியாகச் சர்வர் தொடங்கும்போது ஏறுகின்றன. விதிகள் அடிக்கடி மாறும் இடத்துக்கு கிராஃப்டிபியையே சொல்வேன்.

பின்சேர்க்கை: கோப்பு கிடைக்கவில்லை என்று பிழை வருவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோப்பு முகவரி சர்வர் இருக்கும் கணினியைக் குறிக்கும், உங்கள் மடிக்கணினியை அல்ல. டாக்கரில் ஓட்டினால் கன்டெய்னருக்குள் உள்ள பாதையைத்தான் கொடுக்க வேண்டும். அது தொல்லை என்றால், முகவரிக்குப் பதிலாக மும்மேற்கோளுக்குள் பை கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் அப்படியே ஒட்டலாம்.

இன்னொருவருக்கு ரீஇன்ஃபர் முடிந்தும் 'மூல ஆசிரியர்' எதுவும் தெரியவில்லை. ஒர்க்பெஞ்சின் கேள்விப் பெட்டிக்குப் பக்கத்தில், அனுமானத் தரவைச் சேர்ப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அவருக்கு அது அணைந்திருந்தது.