டிஃபென்ஸ்மேன் கேரியரை கோல் கணக்கை வைத்து எடை போடாதீர்கள்

ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்த புதிதில் எல்லோரும் செய்வது இதுதான்: ஒரு வீரரின் கேரியர் அட்டவணையைத் திறந்ததும் கண் நேரே கோல் பத்திக்குப் போய்விடும். கோல் அடிப்பதே முக்கிய வேலையான ஃபார்வர்டுக்கு அது சரி. டிஃபென்ஸ்மேனை, அதாவது தடுப்பாட்டக்காரரை, அப்படிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வட அமெரிக்காவின் பெரிய லீகான என்எச்எல்லில் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்குத் தரும் நோரிஸ் கோப்பையை 1983-ல் வாங்கிய வாஷிங்டன் கேப்பிடல்ஸின் ராட் லாங்வே அந்த சீசன் முழுக்க அடித்தது மூன்றே மூன்று கோல். அடுத்த வருடமும் அவருக்கேதான் கொடுத்தார்கள். 1986-ல் அதே கோப்பையை வாங்கிய எட்மன்டன் ஆயிலர்ஸின் பால் காஃபி அடித்ததோ 48. இரண்டு பேருமே கோப்பைக்குத் தகுதியானவர்கள்தான், ஆனால் கோல் பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு லாங்வே கண்ணிலேயே பட மாட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது ஐஸ் டைம், அதாவது ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஐஸில் இருந்தார் என்பது. கணக்கு ரொம்ப எளிது. ஆட்டம் 60 நிமிடம், பெரும்பாலும் ஒரு நேரத்தில் இரண்டு டிஃபென்ஸ்மேன்கள் உள்ளே இருப்பார்கள், அணி வழக்கமாக இறக்குவது ஆறு பேர். பிரித்தால் தலைக்கு 20 நிமிடம் வருகிறது. 24, 25 என்று இருந்தால் அவர் முதல் ஜோடி, எதிரணியின் பெரிய ஆட்கள் இறங்கும்போதெல்லாம் கோச் அவரைத்தான் அனுப்புகிறார் என்று அர்த்தம். 15 என்றால் மூன்றாம் ஜோடி. கோச் பேட்டியில் என்னதான் பாராட்டினாலும், நிஜமாக நம்புகிறாரா இல்லையா என்பது இந்த எண்ணில் தெரிந்துவிடும். என்எச்எல் இதை முறையாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது 1997-98 சீசனில்தான், அதற்கு முந்தைய ஆட்களுக்கு இந்த வசதி கிடையாது.

அப்புறம் அந்த நிமிடங்கள் எங்கே போயின என்று பிரித்துப் பாருங்கள். எதிரணிக்காரர் பெனால்டியில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் நிறைய நேரம் கிடைத்தால் பாயிண்ட் (அடித்த கோலும், கோலுக்கு வழிவகுத்த பாஸும் சேர்ந்த கணக்கு) தானாக ஏறும். தன் அணியில் ஆள் குறைந்து தற்காக்கும் பெனால்டி கில்லில் நிறைய நேரம் என்றால் பாயிண்ட் ஏறாது, பக் (ஆடும் ரப்பர் வட்டு) பட்டு உடம்பில் காயம்தான் ஏறும். ஆளுக்கு 30 பாயிண்ட் எடுத்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பாதிக்கு மேல் பவர் பிளேயில் வந்தது, இன்னொருவருக்கு எல்லாமே ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் வந்தது என்றால், நான் யோசிக்காமல் இரண்டாமவரை எடுப்பேன்.

பிளஸ்-மைனஸ் பத்திதான் பலரைக் குழப்புவது. நீங்கள் ஐஸில் இருக்கும்போது உங்கள் அணி கோல் அடித்தால் பிளஸ், வாங்கினால் மைனஸ், பவர் பிளேயில் அடித்த கோல் மட்டும் இதில் சேராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது அணியின் தரத்தையும் சேர்த்தே அளக்கிறது. 2022-23-ல் சான் ஹோசே ஷார்க்ஸுக்கு ஆடிய எரிக் கார்ல்சன் 101 பாயிண்ட் எடுத்து நோரிஸும் வாங்கினார், பிளஸ்-மைனஸ் மட்டும் மைனஸ் 26. அணி அந்த வருடம் அவ்வளவு மோசம். மறுபக்கம் பாஸ்டனின் பாபி ஆர் 1970-71-ல் பிளஸ் 124, இன்றுவரை அதுதான் சாதனை, ஆனால் அவரைச் சுற்றி இருந்ததும் சாதாரண அணி இல்லை. அதனால் இந்த எண்ணை வேறு அணிக்காரரோடு ஒப்பிடாதீர்கள், அதே அணியின் மற்ற ஐந்து டிஃபென்ஸ்மேன்களோடு ஒப்பிடுங்கள்.

பெனால்டி நிமிடத்தையும் விட்டுவிடாதீர்கள். டெட்ராய்ட்டின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 1,564 ஆட்டங்களில் மொத்தமே 514 நிமிடம்தான் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்தார், சுமார் ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை. இடித்துத் தள்ளாமல், ஸ்டிக்கைச் சரியான இடத்தில் வைத்தே வழியை அடைத்துவிடுவார். ஏழு நோரிஸ்.

இனி இடது ஓரம், ஆண்டும் அணியும் இருக்கும் பத்தி. இங்கேதான் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் டிஃபென்ஸ்மேன் முதிர்ச்சி அடைய ஃபார்வர்டை விட அதிக காலம் எடுக்கும், 18 வயதில் டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுக்கப்பட்டவர், என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏஎச்எல்லில் இரண்டு மூன்று சீசன் ஓட்டியிருந்தால் அது தோல்வி இல்லை, பயிற்சி. மார்க் ஜியோர்டானோவைப் பாருங்கள். டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 2004-ல் கால்கரி ஒப்பந்தம் போட்டது, நடுவில் 2007-08-ல் மாஸ்கோ டைனமோவுக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பினார், 2013-ல் கேப்டன், 2019-ல் 35 வயதில் நோரிஸ். அந்த மாஸ்கோ வரியைப் பார்த்து “சரி, இவர் கதை முடிந்தது” என்று அப்போது நினைத்தவர்கள் எத்தனை பேரோ. ஸ்டெனோ சாராவை நியூயார்க் ஐலண்டர்ஸ் 2001-ல் ஒட்டாவாவுக்குக் கொடுத்துவிட்டது. அவரோ பின்னாளில் பாஸ்டனுக்குக் கேப்டனாகி 2011-ல் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார், மொத்தம் 1,680 ஆட்டம் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார். ஐலண்டர்ஸ் ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

சீசன் நடுவில் அணி மாறியிருந்தால் அந்த ஆண்டுக்கு இரண்டு வரி இருக்கும், சில அட்டவணைகளில் கூட்டுத்தொகைக்கு மூன்றாவதாக ஒரு வரியும் இருக்கும், அதையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள். ஒரு சீசனின் 82 ஆட்டத்தில் 40 மட்டுமே ஆடியிருந்தால் காயமா, அல்லது ஏழாவது ஆளாக கேலரியில் உட்கார வைத்தார்களா என்று விசாரியுங்கள், இரண்டும் வேறு வேறு கதை. முழங்கால் போய் 30 வயதிலேயே விடைபெற்ற பாபி ஆர் ஆடியது 657 ஆட்டம்தான், அதை வைத்து அவரைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் மனசு வராது. ஐரோப்பிய லீக் பாயிண்ட்களை என்எச்எல் பாயிண்ட்களோடு கூட்டவும் கூடாது, தரம் வேறு, ஆட்ட எண்ணிக்கை வேறு. இன்னொன்று, வலது கைப் பக்கம் ஷாட் அடிக்கும் டிஃபென்ஸ்மேன்கள் குறைவு, அதனால் சுமாரான ஆளுக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைப்பது உண்டு.

அட்டவணை முடிந்ததும் ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதியான ஒரு பீரியட் முழுக்க அவரை மட்டும் பாருங்கள். எதிரணி பக்கை மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தும், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போவார், பின்னாலேயே ஒருவன் இடிக்க வருவான். நல்ல டிஃபென்ஸ்மேன் பக்கைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேல் இரண்டு முறை திரும்பிப் பார்த்திருப்பார், வலைக்குப் பின்னால் நிற்கும் ஜோடிக்கா, பலகையோரம் நிற்கும் விங்கருக்கா, யாருக்குக் கொடுப்பது என்பது முடிவாகியிருக்கும், ஸ்டிக்கில் பட்ட அடுத்த நொடி பக் போய்விடும். சுமாரானவர் பக்கை எடுத்த பிறகுதான் தலையைத் தூக்குவார், அதற்குள் பலகையில் நசுங்கியிருப்பார். இதற்கென்று எந்தப் பத்தியும் கிடையாது, அதனால் கண்ணால்தான் எண்ண வேண்டும்: எத்தனை முறை எடுக்கப் போனார், அதில் எத்தனை முறை பக் பத்திரமாக வெளியே வந்தது.