கடலில் கோடு போடுவது எப்படி: அடிக்கோட்டிலிருந்து கண்டத்திட்டு வரை

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் 30 கி.மீ. கூட இல்லை. 12 கடல் மைல் எங்களுடையது என்கிறது இந்தியச் சட்டம். இலங்கைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் 44 கி.மீ. வருகிறது. இருக்கிற தண்ணீரைவிடக் கேட்கிற தண்ணீர் அதிகம். ஆகவே 12, 24, 200 என்று நாம் படிக்கும் எண்களெல்லாம் உச்சவரம்புகள் மட்டுமே. எதிரில் வேறொரு நாடு இல்லையென்றால்தான் அவை முழுதாகக் கிடைக்கும்.

ஒரு நாடு தன் கடலை எப்படி வரையறுக்கிறது என்பதை இந்தியாவையும் அதன் அண்டை நாடுகளையும் வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். சட்டம் படிப்பவர், போட்டித் தேர்வு எழுதுபவர், படகு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், ஒரு கடல் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் நன்றாக விளங்கும்.

கையில் வேண்டியவை

இரண்டு சட்ட ஆவணங்கள் போதும். ஒன்று, 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை, இந்தியா 1995 ஜூன் 29 அன்று இதை ஏற்புறுதி செய்தது. மற்றொன்று, 1976-ஆம் ஆண்டின் இந்தியக் கடல் மண்டலங்கள் சட்டம். டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடங்களில், நீங்கள் பார்க்கும் கரைக்கு எது மிகப் பெரிய அளவையில் இருக்கிறதோ அதை எடுங்கள். பள்ளி அட்லஸ் உதவாது.

ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர்; இங்கே மைல் என்று வருவதெல்லாம் கடல் மைல்தான். வரைபடத்தில் தூரம் அளக்கும்போது இடது அல்லது வலது ஓரத்திலுள்ள அட்சரேகை அளவைத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். கீழே ஓடும் தீர்க்கரேகை அளவில் கவராயத்தை வைத்து அளப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ராமேஸ்வரம் பக்கம் இதனால் சுமார் ஒரு சதவீத அளவுக்குத்தான் பிழை வரும் என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடும். நார்வே கரையில் இதையே செய்தால் தூரம் பாதிக்குப் பாதி தவறிவிடும்.

அடிக்கோடு: எல்லாம் இதில்தான்

எல்லா மைல்களும் அடிக்கோட்டிலிருந்தே எண்ணப்படுகின்றன. சாதாரண அடிக்கோடு என்பது தாழ் ஓதத்தில் நீர் வற்றி நிற்கும் கோடு. நாம் மணலில் நின்று பார்க்கும் கரையோரம் அது ஆகாது. அரசே ஏற்றுக்கொண்ட பெரிய அளவை வரைபடத்தில் எந்தக் கோடு தாழ்நீர்க் கோடாக அச்சாகியிருக்கிறதோ அதுதான் செல்லும். அகலமான சேற்றுப்படுகை உள்ள இடங்களில் இந்த வித்தியாசமே சில கிலோமீட்டர் இருக்கும்.

கரை நேராக இருந்தால் வேலை இங்கேயே முடிந்துவிடும். வளைந்தும் உடைந்தும் கிடந்தால் கூடுதல் விதிகள் வருகின்றன.

முதலில் வளைகுடா. வாய் 24 கடல் மைலுக்கு மேல் போகாமல் இருந்தால் அதைக் குறுக்கே கோடு போட்டு மூடலாம். உள்ளே இருப்பது உள்நாட்டு நீர். ஆனால் ஒரு சோதனை உண்டு. வாயின் அகலத்தை விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் போடுங்கள். உள்ளே இருக்கும் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்தின் பரப்புக்குக் குறையக் கூடாது. வாய் 20 மைல் என்றால் அரைவட்டம் 157 சதுரக் கடல் மைல். உள்ளே 140 தான் இருக்கிறதென்றால் அது வளைகுடா இல்லை, கரையின் வெறும் வளைவு; மூட முடியாது.

அடுத்து நேர் அடிக்கோடு. கரை ஆழமாக வெட்டுண்டு கிடந்தாலோ, கரையை ஒட்டித் தீவுகள் வரிசையாக நின்றாலோ, முனைக்கு முனை நேர்கோடுகளால் இணைக்கலாம். 1951-இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராக நார்வேயின் கோடுகளை ஏற்றுக்கொண்டதிலிருந்து வந்த வழி இது. அந்தக் கோடுகளில் மிக நீண்டது 44 மைல். உடன்படிக்கை இதற்கு நீள வரம்பு வைக்கவில்லை. கோடு கரையின் பொதுவான போக்கிலிருந்து அதிகம் விலகிப் போகக் கூடாது என்று சொல்கிறது. இந்த நெகிழ்வைத்தான் பல நாடுகள் பேராசையோடு பயன்படுத்துகின்றன.

பேராசைக்கு வங்கதேசமே சரியான பாடம். 1974-இல் அந்த நாடு தாழ்நீர்க் கோட்டை விட்டுவிட்டு, கடலுக்குள்ளே 10 பாக ஆழம், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழம், இருக்கும் இடங்களை இணைத்து அடிக்கோடு போட்டது. டெல்டா மண் அடித்துச் செல்லப்படுகிறது, கரை நிலையாக இல்லை என்பது காரணம். காரணம் நியாயம்தான். டெல்டாக் கரைகளுக்கென்று உடன்படிக்கையில் தனி விலக்கே இருக்கிறது. ஆனால் அந்த விலக்கும் தாழ்நீர்க் கோட்டில் புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கத்தான் அனுமதிக்கிறது. ஆழத்தை வைத்துக் கோடு போட எந்த விதியும் இடம் தரவில்லை. இந்தியாவும் மியான்மரும் எதிர்த்தன. கடைசியில் 2015-இல் வங்கதேசம் புதிய அடிக்கோட்டை அறிவிக்க வேண்டியதாயிற்று.

தாழ் ஓதத்தில் மட்டும் தலைகாட்டும் திட்டுகள் தனிக் கதை. பெருநிலத்திலிருந்தோ தீவிலிருந்தோ 12 மைலுக்குள் இருந்தால் அவற்றிலிருந்து அளக்கலாம். வெளியே இருந்தால் அவற்றுக்குச் சொந்தமாக ஒரு மைல்கூடக் கிடையாது. நேர் அடிக்கோட்டை அவற்றின் மேல் கொண்டுபோக வேண்டுமானால், பொதுவாக எப்போதும் நீருக்கு மேல் தெரியும் கலங்கரை விளக்கம் போன்ற ஒன்று அங்கே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

தீவுக்கூட்டத்தை மொத்தமாகச் சுற்றிக் கோடு போடும் சலுகை இந்தோனேசியா, மாலத்தீவு போன்ற முழுத் தீவு நாடுகளுக்கு மட்டுமே. அங்கும் உள்ளே அடைபடும் நீருக்கும் நிலத்துக்கும் உள்ள விகிதம் 1:1-க்குக் குறையாமலும் 9:1-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கண்டத்தில் நிலம் உள்ள இந்தியா, அந்தமானுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இந்தியா தன் அடிக்கோட்டுப் புள்ளிகளை 2009 மே மாதம் அரசிதழில் வெளியிட்டது. 1976 சட்டத்துக்கும் இதற்கும் இடையில் 33 ஆண்டுகள்!

வெளிப்பக்கம் நகர்வது

அடிக்கோடு கிடைத்துவிட்டால் மீதி பெரும்பாலும் கவராய வேலை. அடிக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் கவராயத்தை ஊன்றி 12 மைல் வில் போடுங்கள். வில்களின் வெளி ஓரங்களைச் சேர்த்தால் பிராந்தியக் கடலின் எல்லை. போட்டுப் பார்த்தால் ஒன்று புரியும்: கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்தான் எல்லையைத் தீர்மானிக்கின்றன, உள்வாங்கிய கரைகளின் வில்கள் உள்ளேயே அமுங்கிவிடுகின்றன. 200 மைல் வரும்போது இந்த விளைவு இன்னும் கூடும். அவ்வளவு தூரத்தைக் காகிதத்தில் கவராயம் வைத்துப் போடக் கூடாது, பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் மென்பொருளில்தான் போட வேண்டும்.

ஒவ்வொரு வளையத்திலும் என்ன உரிமை என்பதில்தான் செய்தித்தாள்கள்கூடத் தடுமாறுகின்றன. 12 மைல் வரை இறையாண்மை. அதன் மேல் உள்ள வானத்துக்கும் சேர்த்து. வெளிநாட்டுக் கப்பல் தீங்கில்லாமல் கடந்து போகலாம், நீர்மூழ்கி என்றால் மேலே வந்து கொடி காட்டிப் போக வேண்டும். போர்க்கப்பல் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். இதை அமெரிக்கா ஒப்புக்கொள்வதில்லை.

12-க்கும் 24-க்கும் நடுவே உள்ள ஒட்டிய மண்டலத்தில் சுங்கம், வரி, குடிவரவு, சுகாதாரம் ஆகிய நான்கில் மட்டும் தடுக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் உண்டு. இந்தியச் சட்டம் ‘பாதுகாப்பு’ என்பதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைலில், ‘என்ரிக்கா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். கேரளப் போலீஸ் வழக்குப் போட்டது. 12 மைலுக்கு வெளியே மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020-இல் சர்வதேச நடுவர் மன்றம், சுட்டவர்கள் இத்தாலிய அரசின் கடற்படை வீரர்கள் என்பதால் இந்திய நீதிமன்றங்கள் அவர்களை விசாரிக்க முடியாது என்றும், இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. எட்டரை மைல் வித்தியாசம் வழக்கின் தலையெழுத்தையே மாற்றியது.

200 மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். மீன், எண்ணெய், எரிவாயு, காற்றாலை எல்லாம் கரை நாட்டுக்கு. கப்பல் ஓட்டவும், மேலே பறக்கவும், கடலடிக் கேபிள் போடவும் எல்லா நாடுகளுக்கும் உரிமை உண்டு. இங்கே அத்துமீறி மீன் பிடித்தவர்களை, இரு நாட்டு ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழியச் சிறையில் போடக் கூடாது. பிணைத்தொகை பெற்றுக்கொண்டு படகையும் ஆட்களையும் விரைவாக விட வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவு. ‘அப்படியானால் நம் மீனவர்களை இலங்கை எப்படிச் சிறையில் வைக்கிறது?’ என்ற கேள்வி உடனே எழும். பாக் விரிகுடாவில் இந்தியாவும் இலங்கையும் 1974-இல் ஒப்பந்தம் போட்டு வரைந்த கோட்டுக்கு அப்பால் இருப்பது பொருளாதார மண்டலம் அல்ல. அந்த ஒப்பந்தமே அதை இரு நாடுகளின் ‘வரலாற்று நீர்’ என்று வைத்துப் பிரித்தது. எனவே 73-ஆம் பிரிவின் காப்பு அங்கே எட்டுவதில்லை.

பாறையா, தீவா

தனியாக நிற்கும் ஒரு தீவைச் சுற்றி 200 மைல் வட்டம் போட்டால் சுமார் 4,31,000 சதுர கி.மீ. கிடைக்கும். மனிதர் குடியிருக்கவோ சொந்தப் பொருளாதார வாழ்வு நடத்தவோ இயலாத பாறை என்றால் 12 மைல் வட்டம்தான். சுமார் 1,550 சதுர கி.மீ. சிமென்ட் கொட்டிப் பாறையைத் தீவாக்கப் பல நாடுகள் துடிப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். பலன் இல்லை. 2016 ஜூலை 12 அன்று தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் மன்றம் இயற்கை நிலையைத்தான் பார்த்தது. அந்தக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்தில் இயற்கையாக உருவானவற்றில் மிகப் பெரிதான இட்டு அபா கூடப் பாறை என்றே முடிவானது.

அண்டை வீட்டார் இருந்தால்

வளையங்கள் மோதும் இடத்தில் முதல் வழி பேச்சுவார்த்தை. பிராந்தியக் கடல் என்றால், வேறு உடன்பாடோ வரலாற்று உரிமையோ இல்லாதவரை நடுக்கோடு. அதற்கு வெளியே நீதிமன்றங்கள் மூன்று படிகளில் போகின்றன: முதலில் இரு கரைக்கும் சம தூரத்தில் தற்காலிகக் கோடு, பிறகு அதை நகர்த்த வேண்டிய காரணம் இருக்கிறதா என்ற பார்வை, கடைசியில், கரை நீளத்துக்கும் கிடைத்த பரப்புக்கும் அப்பட்டமான பொருத்தமின்மை இருக்கிறதா என்ற சரிபார்ப்பு.

வங்கதேசம்–இந்தியா வழக்கில் 2014 ஜூலை 7 அன்று வந்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். வங்கக் கரை உள்வாங்கி வளைந்திருப்பதால், சம தூரக் கோடு அதை இந்தியாவுக்கும் மியான்மருக்கும் நடுவே நெரித்துவிடுகிறது. எனவே கோடு இந்தியப் பக்கம் நகர்ந்தது. சர்ச்சைக்குரிய 25,602 சதுர கி.மீ.யில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா நியூ மூர் திட்டை அடிப்புள்ளியாக முன்வைத்தது, மன்றம் ஏற்கவில்லை. இதில் ஒரு விசித்திரமும் விளைந்தது: ஒரு சிறு பகுதியில் கடலடி வங்கதேசத்துக்கு, அதன் மேலுள்ள தண்ணீர் இந்தியாவுக்கு. எரிவாயு ஒருவருக்கு, மீன் இன்னொருவருக்கு.

200 மைலுக்கும் அப்பால்

கரை நிலம் கடலுக்கடியில் தொடர்வதே கண்டத்திட்டு. அது இயற்கையாக நீண்டால் கடலடி உரிமையும் நீளும், தண்ணீருக்கு நீளாது. கண்டச் சரிவின் அடிவாரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 60 மைல் வரையோ, வண்டல் படிவின் தடிமன் அடிவாரத்திலிருந்துள்ள தூரத்தில் 1 சதவீதமாவது இருக்கும் இடம் வரையோ போகலாம். எப்படிப் போனாலும் அடிக்கோட்டிலிருந்து 350 மைல், அல்லது 2,500 மீட்டர் ஆழக் கோட்டிலிருந்து 100 மைல் என்பதில் ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும். வங்காள விரிகுடாவின் தெற்கில் கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மிகத் தடிமன். சாதாரணச் சூத்திரத்தால் இழப்பு என்று இலங்கை வாதாடி, வண்டல் 1 கி.மீ. தடிமன் உள்ள இடம் வரை போகலாம் என்ற தனி விலக்கை 1982-இலேயே வாங்கிவிட்டது. இந்தியா தன் மனுவை 2009 மே 11 அன்று 21 உறுப்பினர் கொண்ட ஐ.நா. ஆணையத்திடம் கொடுத்தது, கெடு மே 13. நிலநடுக்க அலை ஆய்வுக்குக் கப்பல் அனுப்பித் தரவு சேர்க்கவே பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், கடைசி நாட்களில் மனு போடுவது பல நாடுகளின் வழக்கமாக இருந்தது.

எண்களை எழுதுவது

வரைபடமோ ஆயத்தொலைப் பட்டியலோ ஐ.நா. பொதுச்செயலரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். எந்தப் புவி ஆதார அமைப்பில், அதாவது பூமியின் எந்த வடிவ மாதிரியை வைத்து, எடுத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் அமைப்பில் உள்ளவை, இன்றைய ஜி.பி.எஸ். கருவி டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் பேசும். மாற்றாமல் போட்டால் புள்ளி சில நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிப் போகும்.

இன்னொரு பொறி, பின்னக் கலை. 1974 ஒப்பந்தத்தின் மூன்றாம் புள்ளி வடக்கு 09° 40.15′, கிழக்கு 79° 22.60′. இது தசமத்தில் எழுதிய கலை. 22.60′ என்பதை 22 கலை 60 விகலை என்று கருவியில் தட்டினால் 23 கலை ஆகிவிடும். ஒரு கலைக்கு 60 விகலை என்பதால் சரியானது 22 கலை 36 விகலை. தவறாகத் தட்டினால் புள்ளி சுமார் 730 மீட்டர் கிழக்கே, இலங்கைப் பக்கம் நகர்ந்துவிடும். கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து கோடு ஒரு மைல் தள்ளித்தான் போகிறது என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய பிழை என்பது தெரியும். கருவியின் அமைப்பில் ‘பாகை–தசமக் கலை’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒப்பந்தத்தின் ஐந்தாம், ஆறாம் புள்ளிகளைப் போட்டுச் சோதியுங்கள்: 09° 13′, 09° 06′, இரண்டுக்கும் கிழக்கு 79° 32′. இடைவெளி நேர் தெற்கே 7 கடல் மைல் காட்ட வேண்டும். காட்டினால் மற்ற நான்கையும் நம்பிப் போடலாம்.