டிராக்கின் வெப்பத்தை வைத்து ஃபார்முலா 1 ரேஸைப் படிப்பது எப்படி?

ஃபார்முலா 1 புதிதாகப் பார்ப்பவர்கள் யார் முன்னால் போகிறார் என்று பார்ப்பார்கள். ஏன் முன்னால் போகிறார் என்பது புரிய, டிவி திரையின் ஓரத்தில் அவ்வப்போது வந்து போகும் ஓர் எண்ணைப் பிடியுங்கள்: டிராக் வெப்பநிலை. ரேஸ் ஞாயிறுதான், ஆனால் பயிற்சி அமர்வுகள் வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும்; ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே உட்காருங்கள்.

படி 1: காற்று, டிராக் இரண்டையும் குறியுங்கள்

இரண்டும் வேறு வேறு. நல்ல வெயிலில் கருப்புத் தார் காற்றைவிட 15, 20 டிகிரி கூடச் சுடும். மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் ரோட்டில் கால் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒரு மேகம் வந்து மறைத்தால் சில நிமிடங்களிலேயே சூடு இறங்கிவிடும். அதனால் ஒவ்வோர் அமர்விலும் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை எழுதுங்கள்.

படி 2: டயரின் நிறம்

சிவப்பு மென்மையானது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். மழைக்குப் பச்சையும் நீலமும். ஆனால் நிறம் அந்த வார இறுதிக்கு மட்டும்தான் பொருந்தும். எல்லா அணிகளுக்கும் டயர் தரும் பைரெல்லி நிறுவனம் தன்னிடமுள்ள ரப்பர் வகைகளில் மூன்றை ஒவ்வொரு ஊருக்கும் தேர்ந்தெடுத்துத் தரும். 2022-ல் சில்வர்ஸ்டோனில் சிவப்பு என்றால் சி3, மொனாகோவில் சி5. எண் கூடக் கூட மென்மை கூடும்.

மென்மையான ரப்பர் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் தேயும். கடினமானது நீடித்து உழைக்கும், ஆனால் சூடேற அடம்பிடிக்கும். சூடேறாத டயர் சறுக்கும்; சறுக்கும்போது மேல் ரப்பர் கிழிந்து, துணுக்குத் துணுக்காக டயர் மேலேயே ஒட்டிக்கொள்ளும். இதுதான் கிரெய்னிங். சூடு அளவு மீறினால் வேறு தொல்லை: உள்ளே வெப்பம் தேங்கி ரப்பரில் கொப்புளம் வெடிக்கும். காருக்குள் இருந்து எடுக்கும் கேமரா காட்சியில் முன் டயரைப் பாருங்கள், கிரெய்னிங் வந்தால் சொரசொரப்பாகத் தெரியும்.

படி 3: எந்தப் பயிற்சியை நம்பலாம்?

பஹ்ரைனில் முதல், மூன்றாம் பயிற்சிகள் வெயிலில் நடக்கும். ரேஸோ இரவு விளக்கில். ஆகவே அங்கே ரேஸைக் கணிக்க உதவுவது மாலையில் நடக்கும் இரண்டாம் பயிற்சிதான். ரேஸ் நேரத்துச் சூட்டுக்கு அருகில் வரும் அமர்வை நோட்டில் வட்டமிடுங்கள். அதில் பத்துப் பதினைந்து சுற்று தொடர்ந்து ஓட்டியவர்களின் நேரம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஒற்றை வேகச் சுற்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

படி 4: ஞாயிறு எண்ணை வெள்ளியோடு ஒப்பிடுங்கள்

முக்கியமான படி இதுதான். இதற்கு 2022 ஹங்கேரி ரேஸைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நல்ல சூடு. சனிக்கிழமைப் பயிற்சியில் மழை. ஞாயிறு குளிர்ந்த வானம், லேசான தூறல். பத்தாம் இடத்திலிருந்து கிளம்பிய வெர்ஸ்டாப்பனுக்கு வெள்ளை டயர் போடுவதாகத்தான் அவருடைய ரெட் புல் அணி நினைத்திருந்தது. டயர் சூடேறவில்லை என்று தெரிந்ததும், ரேஸ் தொடங்குவதற்கு முன்பே சிவப்புக்கு மாறிவிட்டார்கள்.

முன்னணியில் இருந்த ஃபெராரி அணியின் லெக்லெர், மஞ்சள் டயரில் இரண்டு கட்டம் ஓட்டி முடித்திருந்தார். வறண்ட ரேஸில் இரண்டு வகை டயராவது போட்டாக வேண்டும் என்பது விதி. 70 சுற்று ரேஸில் 39-வது சுற்றில் ஃபெராரி அவருக்கு வெள்ளையை மாட்டியது. அதற்கு முன்பே வெள்ளையில் ஓடிய அல்பைன் அணியின் கார்கள் திணறிக்கொண்டிருந்தன. அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வெர்ஸ்டாப்பன் அவரை முந்தினார், நடுவில் ஒரு முழுச் சுழற்சி சுழன்று இடத்தை இழந்தார், அப்புறம் மறுபடியும் முந்தினார்! வெள்ளை டயரில் அவ்வளவு பிடிப்பில்லை. 54-வது சுற்றில் லெக்லெர் சிவப்புக்கு மாறி, கடைசியில் ஆறாவது வந்தார். ஜெயித்தது வெர்ஸ்டாப்பன்.

படி 5: சேஃப்டி கார் வந்தால்

விபத்து போன்ற ஆபத்து வந்தால் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் கார்தான் சேஃப்டி கார். வேகம் குறைந்ததும் டயர் ஆறத் தொடங்கும். ஓட்டுநர்கள் இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டுவது அதைச் சூடாக வைக்கத்தான். ரேஸ் மறுபடி தொடங்கும் முன் உங்கள் நோட்டில் டிராக் எண்ணைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால், முதல் இரண்டு வளைவுகளில் வெள்ளை டயர்காரர்மேல் கண் வையுங்கள். பின்னால் சிவப்பு டயரில் வருபவர் முந்தப் பார்ப்பது அங்கேதான்.